பாலியல் வன்முறை வழக்குகளில் நீதிமன்ற நடைமுறையும் அரசுப் புள்ளிவிவரங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் பாலியல் வன்முறை குறித்த பொது விவாதங்கள் பெரும்பாலும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்களை அடிப்படையாகக் கொண்டவை. குற்றம் பெருகியதா, குறைந்ததா, தண்டனை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்னும் வினாக்களுக்கு அவ்வெண்களே விடையாகக் காட்டப்படுகின்றன. அவ்வெண்கள் குற்றத்தை நேராக அளப்பவை அல்ல. சட்டத்தின் வரையறை, காவல் நிலையத்தின் பதிவு, நீதிமன்றத்தின் சாட்சிய விதி, அட்டவணை அமைக்கும் முறை ஆகிய நான்கையும் கடந்து வந்த எச்சமே அவை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் முதல் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் வரையிலான நடைமுறை மாற்றங்களைப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டு, எண்களின் பொருள் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: வன்புணர்வு, சாட்சியச் சட்டம், மூடிய அறை விசாரணை, தண்டனை விகிதம், முதன்மைக் குற்ற விதி, போக்சோ சட்டம், வாச்சாத்தி.

முன்னுரை

அரசு வெளியிடும் குற்றப் புள்ளிவிவரம் ஒரு வரலாற்று ஆவணம். கல்வெட்டையோ ஓலைச்சுவடியையோ சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதைப் பொறித்தவர் யார், எதற்காகப் பொறித்தார், எதை விட்டுவிட்டார் என்று முதலில் கேட்பார். குற்றப் புள்ளிவிவரத்தைக் கையாளும்போது இக்கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அட்டவணையில் உள்ள எண் அப்படியே உண்மையாக ஏற்கப்படுகின்றது.

பாலியல் வன்முறை வழக்குகளில் இப்போக்கு மிகுந்த இடர்ப்பாட்டை விளைவிக்கின்றது. திருட்டு வழக்கில் பொருளை இழந்தவரின் நடத்தை நீதிமன்றத்தில் ஆராயப்படுவதில்லை. வன்புணர்வு வழக்கிலோ, நெடுங்காலம் வரை, குற்றம் சாட்டப்பட்டவரைக் காட்டிலும் குற்றத்திற்கு ஆளானவரே கடுமையாக விசாரிக்கப்பட்டார். அந்த விசாரணை முறையை அறிந்த குடும்பங்கள் காவல் நிலையத்தை நாடத் தயங்கின. ஆகவே நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கும் அட்டவணையில் பதிந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றத்திற்கு ஆளானவரின் பெயரை வெளியிடுதல் 1983 முதல் தண்டனைக்குரியது. ஆய்வுலகில் அப்பெண்களின் பெயராலேயே அறியப்படும் வழக்குகளும் இங்கு வழக்குத் தலைப்பாலோ இடத்தாலோ மட்டுமே சுட்டப்படுகின்றன.

காலனிய அடித்தளம்

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 375ஆம் பிரிவில் வன்புணர்வை வரையறுத்தது. இசைவு தரும் வயது 10 என அது கொண்டது. 1890இல் கல்கத்தாவில், மணமான சிறுமி ஒருத்தி கணவனின் உறவால் உயிரிழந்தாள். அவள் 10 வயதைக் கடந்திருந்ததால் அது வன்புணர்வு என்னும் தலைப்பின்கீழ் வர இயலவில்லை. கணவனுக்கு வேறொரு சிறிய குற்றத்திற்கே தண்டனை கிடைத்தது. அவ்வழக்கு எழுப்பிய விவாதத்தின் விளைவாக 1891இல் இசைவு வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. 1925இல் 14 எனவும், 1949இல் 16 எனவும் அது மேலும் உயர்ந்தது. ஒரு நிகழ்வு குற்றமாக எண்ணப்படுமா என்பதை நிகழ்வு தீர்மானிப்பதில்லை, வரையறையே தீர்மானிக்கின்றது என்பதற்கு இவ்வழக்கு தொடக்ககாலச் சான்று.

1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம் இவ்வழக்குகளின் போக்கை அடுத்த 130 ஆண்டுகளுக்கு நிர்ணயித்தது. அதன் 155ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, புகார் செய்த பெண் பொதுவாக ஒழுக்கக்கேடான நடத்தை உடையவள் என்று காட்டி அவளுடைய சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு உரிமை அளித்தது. இதன் பின்னணியில், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மாத்யூ ஹேல் முன்வைத்த கருத்து நின்றது. இக்குற்றச்சாட்டைச் சுமத்துதல் எளிது, மறுத்தல் அரிது என்பதே அவரது கருத்தின் சாரம்.

மருத்துவச் சட்ட நூல்களும் இந்த ஐயத்தைப் பேணி வளர்த்தன. 1856இல் வெளியான நார்மன் செவர்சின் கையேடு, இந்தியர்களின் புகார்களில் பொய் மிகுதி என்னும் முன்முடிவோடு எழுதப்பட்டது. எதிர்த்துப் போராடியதற்கான காயங்கள் உடலில் உள்ளனவா, பெண் முன்னரே உடலுறவுக்குப் பழகியவளா என்று தேடும் மருத்துவப் பரிசோதனை முறை இத்தகைய நூல்களின் வழியே நிலைபெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆங்கிலேய நீதிமன்றங்களுக்கு வந்த வழக்குகளை ஆராய்ந்த எலிசபெத் கோல்ஸ்கி, உடற்காயம், உடனடிப் புகார், பெண்ணின் நடத்தை ஆகியவற்றை வலியுறுத்திய சான்று முறை, பெண்கள் நீதி பெறுவதை அரிதாக்கியதை எடுத்துக்காட்டியுள்ளார்.

விடுதலைக்குப் பின் நீதிமன்றங்கள் இந்த மரபிலிருந்து மெல்ல விலகின. 1952ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற ராமேஸ்வர் எதிர் ராஜஸ்தான் மாநிலம் வழக்கில், பெண்ணின் சாட்சியத்திற்குப் பிற சான்றுகளின் துணை வேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம் அன்று, அது முன்னெச்சரிக்கை நெறி மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் விசாரணை நீதிமன்றங்களில் அந்த முன்னெச்சரிக்கை நெறியே கட்டாய விதிபோல் தொடர்ந்து பின்பற்றப்பட்டது.

துக்காராம் வழக்கும் 1983ஆம் ஆண்டுத் திருத்தமும்

1972 மார்ச் 26 அன்று மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், பதின்வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர் காவலர்களால் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. 1974இல் அமர்வு நீதிமன்றம் காவலர்கள் இருவரையும் விடுவித்தது. அப்பெண் உடலுறவுக்குப் பழகியவர் என்பதைக் காரணமாக்கி, நிகழ்ந்தது இசைவோடு நிகழ்ந்ததாகவே அந்நீதிமன்றம் கொண்டது. 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. அச்சத்தால் அடங்கிப்போவது வேறு, இசைவு வேறு என்று அது பிரித்துக் காட்டியது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இருவரையும் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, கூக்குரல் எழுப்பியதற்குச் சான்றில்லை என்பன காரணங்களாயின.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் மகளிர் அமைப்புகள் போராடின. சட்ட ஆணையம் 1980இல் தனது 84ஆம் அறிக்கையை அளித்தது. இவற்றின் தொடர்ச்சியாக, குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் 1983இல் நிறைவேறியது.

இத்திருத்தம் நடைமுறையில் மூன்று மாற்றங்களைச் செய்தது. சாட்சியச் சட்டத்தில் 114-அ பிரிவு சேர்க்கப்பட்டு, காவலில் நிகழும் வன்புணர்வு போன்ற வழக்குகளில், உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டபின், தான் இசையவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்றானது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவில் மூடிய அறை விசாரணை இடம்பெற்றது. தண்டனைச் சட்டத்தின் 228-அ பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியது.

எனினும் 155(4) நீக்கப்படவில்லை. மூடிய அறைக்குள்ளும் பெண்ணின் கடந்தகால வாழ்வைக் குறுக்கு விசாரணையில் கிளறும் உரிமை எதிர்த்தரப்புக்குத் தொடர்ந்தது. சட்ட ஆணையத்தின் 172ஆம் அறிக்கை 2000இல் அதை நீக்கப் பரிந்துரைத்தபின், 2002ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவ்வுட்பிரிவு நீக்கப்பட்டது. 1983 முதல் 2002 வரையிலான இந்த 19 ஆண்டுகளைச் சீர்திருத்தக் காலம் என்று மட்டும் குறிப்பிடுவது பொருந்தாது. ஒரு கதவை மூடி, இன்னொரு கதவைத் திறந்தே வைத்திருந்த காலம் அது.

சாட்சிக் கூண்டில் பெண்

சட்டத்தின் வாசகம் மாறினாலும் விசாரணையின் நடைமுறை உடன் மாறுவதில்லை. பஞ்சாப் மாநிலம் எதிர் குர்மீத் சிங் வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூடிய அறை விசாரணை சட்டத்தில் இருந்தும் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றாமையைக் கண்டித்தது. பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாயின் வேறு சான்று தேவையில்லை என்பதையும், குறுக்கு விசாரணை என்ற பெயரில் அவர் துன்புறுத்தப்படுவதை நீதிபதி வாளாவிருந்து பார்க்கலாகாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2004இல் சாக்‌ஷி வழக்கில், பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரையொருவர் காணாதவாறு திரை அமைத்தல், குறுக்கு விசாரணைக்கான கேள்விகளை எழுத்தில் பெற்று நீதிபதியே கேட்டல், சாட்சியமளிக்கும்போது போதிய இடைவேளை தருதல் ஆகிய நெறிகள் வகுக்கப்பட்டன. 2012இன் போக்சோ சட்டம் இவற்றைக் குழந்தைகளுக்கான சட்டவிதிகளாகவே ஆக்கியது. அச்சட்டத்தின்படி குழந்தையிடம் வழக்குரைஞர் நேராகக் கேள்வி கேட்க இயலாது. குழந்தையை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைக்கலாகாது. சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்து, இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

இருவிரல் பரிசோதனையின் வரலாறு, விதிக்கும் வழக்கத்திற்கும் இடையிலான தொலைவைக் காட்டுகின்றது. அது பெண்ணின் தன்மறைவையும் மாண்பையும் மீறுவது என்று 2013இல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014இல் நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் அதை விலக்கின. அதன்பின்னும், 2022 அக்டோபரில், அப்பரிசோதனையை மேற்கொள்பவர் நன்னடத்தை மீறலுக்கு உள்ளாவார் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

அகமதாபாத் நீதிமன்றத்தில் களப்பணி செய்து பிரதிக்‌ஷா பக்சி 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல், தீர்ப்பில் இடம்பெறாத பலவற்றை வெளிக்கொணர்கின்றது. நீதிமன்றத்திற்கு வெளியே நிகழும் சமரசம், சாட்சிகள் பிறழ்வது, மருத்துவச் சான்றிதழின் மொழி, தாழ்வாரப் பேச்சு ஆகியவை வழக்கின் முடிவை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை அந்நூல் காட்டுகின்றது. சமரசத்தால் பிறழ்ந்த சாட்சியின் வழக்கு, அட்டவணையில் 'விடுதலை' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். சான்றின்மையால் வந்த விடுதலையும், அச்சத்தால் வந்த விடுதலையும், உண்மையிலேயே குற்றமற்றவர் பெற்ற விடுதலையும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

எண்களின் தோற்றம்

நாடு தழுவிய குற்றப் புள்ளிவிவர ஆண்டறிக்கை 1953ஆம் ஆண்டிற்குரிய தொகுப்போடு தொடங்கியது. 1986இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டபின் அப்பணி அதனிடம் சேர்ந்தது. வன்புணர்வு தனித்தலைப்பாக எண்ணப்பட்டது 1971 முதல்தான். அவ்வாண்டில் பதிவான வழக்குகள் 2,487. 2012இல் அது 24,923. 41 ஆண்டுகளில் எண்ணிக்கை பத்து மடங்கானது. அதே இடைவெளியில் மக்கள்தொகை ஏறத்தாழ 55 கோடியிலிருந்து 121 கோடியானது, அதாவது 2.2 மடங்கு. மக்கள்தொகைப் பெருக்கம் இவ்வுயர்வின் ஒரு சிறு பகுதியையே விளக்கும். எஞ்சிய உயர்வில் குற்றப் பெருக்கம் எவ்வளவு, புகார் செய்யும் துணிவின் பெருக்கம் எவ்வளவு என்பதை இவ்வெண்களால் பிரித்தறிய இயலாது.

தண்டனை விகிதம் இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. 1973இல் 44.3 விழுக்காடாக இருந்த அது, 1983இல் 37.7 ஆகவும், 2012இல் 24.2 ஆகவும் குறைந்தது. பெண்களுக்கு ஆதரவாகச் சட்டம் திருத்தப்பட்டு வந்த காலத்திலேயே தண்டனை விகிதம் வீழ்ந்தது என்பது ஆய்வாளர் கவனிக்க வேண்டிய முரண். பொய்ப் புகார்கள் பெருகியதன் அடையாளம் இது என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தை ஏற்பதற்கு முன், இவ்விகிதம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்று காண வேண்டும்.

2012இல் விசாரணை முடிவுற்ற வழக்குகள் 14,717. அவற்றுள் தண்டனையில் முடிந்தவை 3,563. இவ்விரண்டின் வகுபாடே 24.2 விழுக்காடு. அவ்வாண்டில் பதிவான 24,923 வழக்குகளுக்கும் இந்த விகிதத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. முடிவுற்றவை பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் தொடங்கியவை. மேலும் அவ்வாண்டில் விசாரணைக்காக நீதிமன்றங்களின் முன் நின்ற வழக்குகள் 1 லட்சத்திற்கும் மேல். முடிவுற்றவை அவற்றில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றே மிகுதி. அதே வேகத்தில் சென்றால், புதிய வழக்கு ஒன்றுகூடச் சேராவிட்டாலும், எஞ்சியவை முடிய ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் கடந்து சாட்சி சொல்ல வரும் பெண் மணமாகி வேறூரில் இருக்கலாம், சாட்சிகள் இறந்திருக்கலாம், குடும்பம் சமரசத்திற்கு உடன்பட்டிருக்கலாம். ஆகவே தண்டனை விகிதத்தின் வீழ்ச்சியில் தாமதத்தின் பங்கைக் கணக்கிடாமல், அதைப் பொய்ப் புகாரின் அளவுகோலாக்குவது முறையான ஆய்வாகாது.

அட்டவணையின் விதிகள்

எண்களை உருவாக்குவதில் அட்டவணை அமைக்கும் விதிகளுக்கும் பங்குண்டு. அவற்றுள் முதலாவது, முதன்மைக் குற்ற விதி. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இடம்பெற்றால், மிகக் கொடிய குற்றம் மட்டுமே எண்ணிக்கையில் சேரும். வன்புணர்ந்து கொலை செய்த வழக்கு கொலையாகவே எண்ணப்படும். நாட்டையே உலுக்கிய 2012 டிசம்பர் தில்லிக் கொடுமையும் இவ்விதிப்படி கொலைத் தலைப்பின்கீழ் அடங்குவதே. வன்புணர்வோடு கூடிய கொலை என்னும் தனித்தலைப்பு 2017ஆம் ஆண்டிற்குரிய அறிக்கையில்தான் இடம்பெற்றது.

இரண்டாவது, தலைப்புகளின் பகுப்பு. 2016ஆம் ஆண்டறிக்கையில் வன்புணர்வு வழக்குகள் 38,947. 2017இல் அது 32,559. ஓராண்டில் 16 விழுக்காடு குறைந்ததுபோல் தோன்றும் இவ்வீழ்ச்சி உண்மையானதன்று. 2016இன் எண், தண்டனைச் சட்ட வழக்குகளோடு போக்சோ சட்டத்தின் 4, 6ஆம் பிரிவு வழக்குகளையும் உள்ளடக்கியது. 2017 முதல் அவை வேறு அட்டவணைக்குச் சென்றன. 2018இல் தண்டனைச் சட்டத்தின்கீழ் 33,356 வழக்குகளும், போக்சோ சட்டத்தின் மேற்கண்ட பிரிவுகளின்கீழ் 21,605 வழக்குகளும் தனித்தனி அட்டவணைகளில் காணப்படுகின்றன. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுவோர் குழந்தைகளுக்கு எதிரான வன்முறையின் பெரும்பகுதியைப் பார்வையிலிருந்து நீக்கிவிடுகின்றனர்.

மூன்றாவது, சட்டமே எண்ண மறுக்கும் பகுதி. கணவன் மனைவியிடம் நிகழ்த்தும் வன்புணர்வு 375ஆம் பிரிவின் விதிவிலக்கால் குற்றமாகாது. 2017இல் இன்டிபென்டன்ட் தாட் வழக்கில் உச்ச நீதிமன்றம், 18 வயது நிறையாத மனைவியை இவ்விலக்கிலிருந்து மீட்டது. வயது வந்த மனைவியைப் பொறுத்தவரை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் விலக்கு தொடர்கின்றது. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுடைய பெண்களுள் 6 விழுக்காட்டினர் வாழ்வில் ஒரு முறையேனும் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். மணமான பெண்கள் சுட்டியவர்களுள் பெரும்பான்மையோர் கணவன்மாரே. 2012ஆம் ஆண்டின் காவல்துறைப் பதிவில், 24,923 வழக்குகளுள் 24,470இல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவர். இரு சான்றுகளும், அறிமுகமற்றவனின் தாக்குதல் என்னும் பொதுப் படிமத்தை மறுக்கின்றன. ஆனால் மிக நெருங்கிய உறவில் நிகழும் வன்முறைக்குக் குற்ற அட்டவணையில் இடமே இல்லை.

2013க்குப் பிந்தைய மாற்றம்

நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து வந்த குற்றவியல் திருத்தச் சட்டம், வன்புணர்வின் வரையறையை விரிவாக்கியது. இசைவு வயதை 18 ஆக்கியது. எதிர்த்துப் போராடாமையை இசைவாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தியது. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலரைத் தண்டிக்க 166-அ பிரிவைச் சேர்த்தது. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்திற்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தல் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது.

2013இல் பதிவான வன்புணர்வு வழக்குகள் 33,707. முந்தைய ஆண்டைவிட 8,784 கூடுதல். 35 விழுக்காட்டு உயர்வு. வரையறை விரிந்தது, வயது உயர்ந்தது, பதிவு கட்டாயமானது, மக்கள் குரல் வலுத்தது ஆகிய அனைத்தும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால், குற்றமே அந்த அளவிற்குப் பெருகியது என்று முடிவு செய்ய இடமில்லை. பதிவு உயர்வதும் குற்றம் உயர்வதும் வெவ்வேறு என்று ஆவணக் காப்பகமே தன் பிற்கால அறிக்கைகளில் எச்சரிக்கின்றது. புகாரைத் தயங்காமல் பதியும் மாநிலம் அட்டவணையில் குற்றம் மிகுந்த மாநிலமாகத் தோன்றுவதும் இதனாலேயே.

வயது உயர்வு வேறொரு சிக்கலையும் தோற்றுவித்தது. தில்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013இல் வழங்கிய தீர்ப்புகளை ஆராய்ந்த தி இந்து நாளிதழ், முழுமையாக விசாரிக்கப்பட்ட 460 வழக்குகளுள் 189 வழக்குகள் இசைந்து வாழ்ந்த இணையர் தொடர்பானவை என்றும், 109 வழக்குகள் மண வாக்குறுதி மீறல் தொடர்பானவை என்றும் 2014இல் எழுதியது. முதல் வகையில் பெரும்பாலும் வீட்டை விட்டுச் சென்ற மகளை மீட்கப் பெற்றோர் அளித்த புகார்களே காணப்பட்டன. போக்சோ சட்டத்தின்கீழ் வரும் இத்தகைய பதின்பருவ உறவு வழக்குகளைக் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2019லும் 2021லும் கவலை தெரிவித்தது. இவ்வழக்குகள் விடுதலையில் முடியும்போது தண்டனை விகிதம் குறைகின்றது. இவற்றைப் பெண்களின் 'பொய்ப் புகார்' என்று கூறுவது பிழை. பெண்ணின் விருப்பத்திற்கு மாறாகக் குடும்பம் சட்டத்தைப் பயன்படுத்திய நிகழ்வுகள் இவை. முன்பு அவளுடைய மறுப்பு ஏற்கப்படவில்லை. இங்கு அவளுடைய இசைவு ஏற்கப்படவில்லை.

வாச்சாத்தி: ஆண்டும் அட்டவணையும்

புள்ளிவிவரத்திற்கும் நீதிக்கும் இடையிலான தொலைவைத் தமிழகத்தில் வாச்சாத்தி வழக்கு உணர்த்துகின்றது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அப்பழங்குடிக் கிராமத்தில், சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஊர்மக்களே சிறைக்கு அனுப்பப்பட்டனர். மக்கள் இயக்கங்களின் இடையறாத போராட்டத்திற்குப் பின், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 1995இல் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6 என மொத்தம் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டிருந்தனர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இவ்வழக்கு 1992இல் நிகழ்ந்தது, 2011இல் தீர்ப்பானது, 2023இல் உறுதியானது. 19 ஆண்டுகள் நிலுவை வரிசையில் நின்ற ஒரு வழக்கு, தீர்ப்பான ஆண்டின் தண்டனை விகிதத்தில் ஓர் அலகாகவே சேரும். வழக்கு என்னும் அலகில் எண்ணினால் ஒன்று. பாதிக்கப்பட்டவர் என்னும் அலகில் எண்ணினால் 18. குற்றவாளி என்னும் அலகில் எண்ணினால் 215. தீர்ப்புக்கு முன் இறந்த 54 பேர் தண்டனைப் பட்டியலில் இடம்பெறாமலே போயினர். குற்றம் நிகழ்த்தியதும் புகாரைப் பதிய வேண்டியதும் அரசு எந்திரமாகவே இருக்கும்போது, அவ்வெந்திரம் தொகுக்கும் அட்டவணை எதை எண்ணும் என்னும் கேள்வியையும் வாச்சாத்தி எழுப்புகின்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பாலியல் வன்முறை பற்றிய அரசுப் புள்ளிவிவரம் வரையறை, பதிவு, விசாரணை, அட்டவணை ஆகிய நான்கு நிலைகளில் உருவாக்கப்படுகின்றது. அவற்றுள் ஏதேனும் ஒன்று மாறினாலும் எண்ணின் பொருள் மாறும். 1983, 2002, 2013, 2017 ஆகிய ஆண்டுகள் இவ்வகையில் எல்லைக் கோடுகள். அக்கோடுகளைக் கடந்து எண்களை ஒப்பிடுவோர் இருபுறமும் எண்ணப்பட்டது ஒன்றுதானா என்று முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

தண்டனை விகிதம் முடிவுற்ற வழக்குகளின் விகிதமேயன்றிப் புகார்களின் உண்மைத்தன்மைக்கு அளவுகோல் ஆகாது. பதிவின் உயர்வு எப்போதும் தீங்கின் அறிகுறி ஆகாது; மௌனம் கலைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். பதிவின் குறைவும் எப்போதும் பாதுகாப்பின் அறிகுறி ஆகாது.

2024 ஜூலை முதல் சட்டப் பிரிவுகளின் எண்கள் அனைத்தும் மாறியுள்ளன. 228-அ பிரிவின் உள்ளடக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவிலும், மூடிய அறை விசாரணை பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 366ஆம் பிரிவிலும், 114-அ பிரிவின் அனுமானம் பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 120ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. இனி வரும் ஆண்டறிக்கைகளில் பழைய தலைப்புகளும் புதிய தலைப்புகளும் கலந்து நிற்கும் காலம் ஒன்று இருக்கும். 2017இல் நேர்ந்ததுபோல, அட்டவணையின் மாற்றம் சமூகத்தின் மாற்றமாகப் பிழைபட உணரப்படும் வாய்ப்பு மீண்டும் உருவாகியுள்ளது. அப்பிழையைத் தவிர்க்க, எண்ணோடு நில்லாமல் தீர்ப்புகளையும் விசாரணை ஆவணங்களையும் மாவட்ட அளவில் சேர்த்துப் படிக்கும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும். சாட்சிக் கூண்டில் நின்ற பெண்ணிடம் என்ன கேட்கப்பட்டது, எத்தனை முறை கேட்கப்பட்டது, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்டது என்பதை அறியாமல், அவளை உள்ளடக்கிய எண்ணின் பொருளை அறிய இயலாது.